எட்டுக்கு ஆறு

மூன்றாம் பருவம், விருப்பப் பாடம்:
அமெரிக்க வெகுஜனப் பண்பாடு.
எஸ்தர் மேடம் முதல் வகுப்பில் கேட்டார்,
யாருக்காவது இதில் முன்னறிமுகம் உண்டா?
நான் கை தூக்கவில்லை.

சிம்மக்கல் பின்சந்தில்
சிக்கந்தர் அண்ணன் கடையில்
சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரை
ஃபிளெக்ஸ் டிசைன் செய்கிறேன்.
பிளஸ் டூ லீவில் கற்றுக்கொண்ட வேலை.
வட்டச் செயலாளர் சோணைமுத்துவின் தலையை வெட்டி
வானத்தில் பறக்கும் ஒரு வெள்ளைக்காரனின்
கழுத்தில் ஒட்டியதுதான் முதல் ஆர்டர்.
நிறம் சேரவில்லை.
"நடுவுல ஒரு ரோசாப்பூ மாலையைப் போடு,
ஒட்டு தெரியாது" என்றார் அண்ணன்.
தெரியவில்லை.

செல்லூர்க்காரர் ஒருவர்
அக்கா மகள் காதணி விழாவுக்கு
அமெரிக்க மல்யுத்த வீரர்கள் இரண்டு பேர் வேண்டுமென்றார்.
குழந்தைக்கு ஒன்பது மாதம்.
வீரர்களின் காலடியில்
"அன்புடன் அழைக்கும் தாய்மாமன்கள்" என்று போட்டேன்.
யாரும் குறை சொல்லவில்லை.

புத்தகத்தில் இரண்டாம் அத்தியாயம் சொல்கிறது,
அந்தப் பண்பாடு உலகத்தை விழுங்குகிறது.
நான்காம் அத்தியாயம் மறுக்கிறது,
உலகம்தான் அதை மென்று துப்புகிறது.
இரண்டுக்கும் அடிக்கோடு போட்டிருக்கிறேன்.
விழுங்குவது என்றால்
எனக்கு எங்கள் பிரிண்டர்தான் ஞாபகம் வரும்.
எதைக் கொடுத்தாலும் விழுங்கும்,
நீல மை தீர்ந்தால் நிற்கும்.

நெடுஞ்சாலை, தனிக் கார், காற்றில் பறக்கும் முடி
என்று சுதந்திரத்தைப் பற்றி ஒரு பகுதி.
செக்கானூரணியிலிருந்து வரும் மகளிர் பஸ்ஸில்
நின்றுகொண்டே படித்தேன்.
கையில் கட்டணமில்லாச் சீட்டு.
தோள்மேல் ஒரு கீரைக்கட்டு,
யாருடையது என்று திரும்பிப் பார்க்க இடமில்லை.
காற்று வந்தது. அதை மறுக்க முடியாது.

ஐப்பசி மழைக்கு ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தோம்.
குனிந்து உள்ளே வந்தார் ஒரு அம்மா.
ரிங் ரோடு, டிப்பர் லாரி, போன வியாழன்.
மகன் பெயர் யோகபாண்டி.
செல்போனில் நேராகப் பார்க்கும் படம் ஒன்றே ஒன்று.
விளக்குத்தூணில் நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் பனியன்,
நெஞ்சில் வில்லாய் வளைந்த ஆங்கில எழுத்து.
"கோட்டு சூட்டு மாத்திரவாம்மா?"
எல்லோருக்கும் அதைத்தான் போடுவோம்.
"அதுல என்ன எழுதியிருக்கு?"

உடுப்பு, குறியீடு, ஆசை என்று
பதினைந்து மதிப்பெண்ணுக்கு ஐந்து பக்கம் எழுதுவேன் நான்.
"ஊர்ப் பேரும்மா. அமெரிக்காவுல இருக்கு."
"அங்கிட்டெல்லாம் போனதில்லையே.
ராமேஸ்வரம் போயிருக்கான்."
திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அது ஊருன்னு அவனுக்குத் தெரியுமா?"
தெரிந்திருக்கும் என்றேன்.
எனக்கென்ன தெரியும்.
"அப்ப இருக்கட்டும்."

எட்டுக்கு ஆறு அளவில் இழுத்தபோது
முகம் கட்டம் கட்டமாய் உடைந்தது.
எழுத்து உடையவில்லை.
கண் இரண்டையும் கையாலேயே திருத்திக்கொண்டிருந்தேன்.
ஒன்பதரை பஸ் போய்விட்டது.

திங்கட்கிழமை கருத்தரங்கு.
என் தலைப்பு: பனியனில் வந்த ஊர்கள்.
அந்தப் படத்தை ஸ்லைடில் வைத்திருந்தேன்,
காலையில் எடுத்துவிட்டேன்.
திருப்பூர், ஏற்றுமதி, கழித்துக்கட்டிய சரக்கு
என்று இருபது நிமிடம் பேசினேன்.
பத்துக்கு ஏழு.
"எல்லாம் சரி," என்றார் மேடம்,
"பனியனுக்குள்ள ஆளே இல்லையேம்மா?"

அச்சம்பத்து நிறுத்தத்தில்
மறுவாரம் அதைப் பார்த்தேன்.
ஒரு பக்கக் கயிறு அறுந்து
கீழ்ப்பாதி மேலே மடிந்து கிடந்தது.
ஊர் மறைந்துவிட்டது.
முகம் மட்டும்.
ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால்
அது உடைந்ததே தெரியவில்லை.
ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.
பின்னாலிருந்த அக்கா முதுகில் தட்டினார்,
"எறங்குறியா இல்லையா, வழிய விடு."